கூகுளில் முதலில் வந்தது எங்கள் கவுன் கடை

சேலத்தில் சர்ச் கல்யாணங்களுக்குக் கவுன் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் பெரிய ஷோரூம் வந்ததும் ஆர்டர் குறைந்தது. தெரிந்த ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்தார். பக்கம் முழுக்க ‘சேலத்தின் சிறந்த கவுன் கடை’ என்றே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். கூகுளில் தேடினால் எங்கள் கடை கண்ணிலேயே படவில்லை. கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் அந்த வெப்சைட்டைப் படித்த என் தங்கை, “கவுன் எப்போ கெடைக்கும், எப்படி வர்றது, ஒண்ணுமே இதுல இல்லியேக்கா?” என்றாள். அன்றே உட்கார்ந்து, கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் வெப்சைட்டில் எழுதினேன். ‘குண்டாக இருப்பவர்களுக்கும் தைப்பீர்களா?’ என்பதையும் கூச்சப்படாமல் சேர்த்தேன்.

சில மாதங்கள் கழித்து, திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, குண்டா இருக்கறவங்களுக்குக் கவுன் எங்க தைப்பாங்கன்னு தேடுனேனுங்க. உங்க கடைதானுங்க மொதல்ல வந்துச்சு. படிச்சதும் அழுகையே வந்திருச்சுங்க. நாளைக்கே அளவு குடுக்க வாரேனுங்க!”

போனை வைத்ததும் நானும் தங்கையும் குதித்தேவிட்டோம். இப்போது இன்னும் இரண்டு தையல்காரர்களைச் சேர்த்தும் வேலை ஓயவில்லை. யாராவது புதிதாக ஒரு கேள்வி கேட்டால், அதை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அன்றே வெப்சைட்டில் ஏற்றிவிடுகிறேன்.