மாமா உரித்த முயல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, அகதிக் கேஸின் முடிவுக்காகக் காத்துக்கொண்டு பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார்.

அந்த நவம்பரில், கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் மாமாவுக்கு ஒரு காட்டுமுயல் கொடுத்தார். அவருடைய மைத்துனர் வடக்கே கண்ணி வைத்துப் பிடித்தது. அம்மா வேலையால் வருவதற்குள் மாமா அதைப் பின் பல்கனியில் வைத்து கையுறை போடாமல் கத்தியால் உரித்தார். கத்தி வழுக்கிப் பெருவிரலில் சின்னதாக ஒரு வெட்டு. முயல் என்றால் அம்மா தொடமாட்டார் என்பதால் அன்று சாப்பாட்டில் அது ஆட்டுக்கறியாகிவிட்டது. இவ்வளவு பதமான ஆடு எங்கே கிடைத்தது என்று அம்மா இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். அது முயல் என்று மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நாலாம் நாள் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல். விரல் ஆறாமல் நடுவில் கறுத்துப் புண்ணாகியது. அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியது. கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஓயாமல் பகிடி விடுகிற மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். பூனை கீறியதா, பூச்சி கடித்ததா, ஏதாவது மிருகத்தைத் தொட்டாரா என்று கேட்டார். மாமா அம்மாவை ஒருதரம் பார்த்தார்.

"ஒண்டும் தொடேல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

காட்டுமுயலைத் தின்றது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் கையில் அந்தக் கறுத்த விரல் தெரிந்தது. நான் 'லியேவ்ர்' என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சொன்னனீ?" என்று அம்மா கேட்டார்.

"முயல் எண்டு சொன்னனான். அண்டைக்கு நாங்கள் சாப்பிட்டது ஆடில்லை, அம்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நன்றாகச் சமைத்ததைச் சாப்பிட்டதால் பயமில்லை, உரித்தபோது வெட்டு வழியாகக் கிருமி போயிருக்கலாம், ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது என்று டாக்டர் விளக்கினார். முயல்காய்ச்சல் என்று அதற்குப் பெயராம். மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மாமா எழுந்திருந்து கஞ்சி கேட்டார். கேஸுக்கும் முயலுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

பிறகு சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மூன்று தடவை டெலிபோன் எடுத்தார். முயலை எந்தப் பக்கத்தில் பிடித்தது, எப்போது, வேறு யார் தொட்டார்கள், எனக்குக் காய்ச்சல் உண்டா என்றெல்லாம் கேட்டார். பொலிஸ் விசாரணை என்றே நினைத்தேன். மாமாவிடம் கேட்டு, முயல் கொடுத்தவரின் பெயரைச் சொல்லிவிட்டு, அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

பனி கரைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முயல் கொடுத்தவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே முயலைப் பிடித்த மைத்துனர், மெலிந்துபோய், கையில் மேப்பிள் பாகுத் தகரங்களோடு. மைத்துனர் குனிந்து என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். என் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு அது பாதிதான் பிடிபட்டது. நெஞ்சில் சளி என்று நினைத்துப் படுத்திருந்தது, சுகாதார அலுவலகத்திலிருந்து அவருக்கும் வந்த டெலிபோன், சரியான மருந்து, அவர்கள் ஊரில் அதே காய்ச்சலிலிருந்து தப்பிய இன்னும் இரண்டு பேர், சின்னப் பிள்ளைகள். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதில் எதுவும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார்.

"பாகு தங்கடை வீட்டிலை காய்ச்சினதாம்," என்றேன். "தேத்தண்ணிக்கும் விடலாமாம்."