மெர்லித்தாவின் இருமல்

பிலிப்பைன்ஸின் ஒலொங்காப்போவில் பாடுகிறவர்களை மதிப்பிட எங்களுக்கு ஒரே சொல்தான் இருந்தது: பிளக்காடோ. இசைத்தட்டில் இருப்பது அப்படியே வாயில் வர வேண்டும். அமெரிக்கக்காரி மூச்சு வாங்கும் இடத்தில்தான் நம் பெண்ணும் மூச்சு வாங்க வேண்டும்.

அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் வாசலுக்கு எதிரே இருந்த ப்ளூ ஆங்கர் கிளப்பில் 1978 முதல் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். மறு ஆண்டு மார்ச்சில் போத்தோலானிலிருந்து மெர்லித்தா டும்லாவ் வந்தாள். ஜீப்னி என்கிற பயணிகள் ஜீப் ஓட்டுநரின் மகள், வயது பத்தொன்பது. அன்று அவள் பாடிய ராக் பாட்டின் இரண்டாவது அடியில் ஒரு சொல் திடீரெனத் துள்ளி, பாதி விழுங்கப்பட்டு, அடுத்த வரிக்குத் தாவியது. முன் மேசை மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒலிவாங்கி பழுது என்று நினைத்து வடத்தை ஆட்டினேன்.

"வடத்த விடுங்க குயா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் மெர்லித்தா. "எங்கண்ணன் வீட்டுத் தட்டுல அப்பிடித்தான் இருக்கு."

அந்தத் தட்டில் கீறல். கீறலையும் சேர்த்துக் கற்றிருந்தாள்.

கிளப் முதலாளி அலிங் சாயோங் கைதட்டினாள். "கீறலக்கூட விடலியே இவ! இவளச் சேத்துக்கோ. இனிமே நல்ல தட்டா வாங்கிக் குடு."

ஏழு ஆண்டுகள் அவள் யார் யாராகவோ பாடினாள். ஆண் குரல்கூட வரும். கண்ணை மூடிக்கொண்டால் வானொலி கேட்பது போல இருக்கும். மாலுமிகள் துண்டுச்சீட்டில் பாட்டின் பெயரை எழுதி அனுப்புவார்கள். அவள் பெயரைக் கேட்டு யாரும் எழுதியதில்லை. இது அவளை அரித்தது. தானே எங்கள் தகாலோக் மொழியில் ஒரு பாட்டு கட்டினாள். கடைசி ஜீப்பைத் தவறவிட்ட ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு நடக்கிற பாட்டு.

"அலிங் சாயோங், சனிக்கிழமை இதப் பாடட்டுமா?"

"யாரு பாட்டு?"

"என்னோடது."

"தட்டு எங்க?"

"தட்டு இல்ல. நானே கட்டினது."

"தட்டு இல்லாத பாட்ட நீ சரியாப் பாடுறியா தப்பாப் பாடுறியான்னு நான் எதவச்சுடி கண்டுபிடிக்கிறது?"

அலிங் சாயோங் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை.

சரி, தட்டுதானே வேண்டும் என்று மெர்லித்தா கிளம்பிவிட்டாள். 1986 ஆகஸ்டில், மணிலாவில் ஒரு சிறிய பதிவுக்கூடம் அவளுக்கு ஒரு மணி நேரம் தந்தது. துணைக்கு நானும் போனேன். முதல் முறை பாடியதும் பதிவாளர் நிறுத்தினார்.

"முதல் வரி அமெரிக்கக்காரி. ரெண்டாவது வரி லண்டன்காரன். நீங்க எப்ப வருவீங்க, மிஸ்?"

மறுபடி பாடினாள். மறுபடி வேறு யாரோ வந்தார்கள். நான்காம் முறைக்குப் பிறகு வெளியே ஓடிப்போய்ச் சுவரைக் காலால் உதைத்தாள். நான் குடுவையிலிருந்து சூடான இஞ்சித் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் பாடகிகள் அது இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோபம் ஆறாமல் உள்ளே போய்ப் பாடினாள். வந்தது அவள் குரல்! தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, போத்தோலான்காரர்களின் இழுப்போடு. மூன்றாவது வரியில் இஞ்சி தொண்டையைப் பிடித்து ஒரு சின்ன இருமல் வந்தது.

"இன்னொரு தடவ எடுக்கலாமே," என்றேன்.

"அடுத்த குழு வந்தாச்சு," என்றார் பதிவாளர்.

இருமலோடு தட்டு வெளிவந்தது. அட்டையில் 'மெர்லி டி' என்று மட்டும் போட்டார்கள், முகம்கூட இல்லை. வானொலி அறிவிப்பாளர் அதை ஒரு வெளிநாட்டுப் பாட்டின் தகாலோக் வடிவம் என்று சொல்லி ஒலிபரப்பினார். மெர்லித்தா அவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அது என் சொந்தப் பாட்டுங்க."

"ரொம்ப அழகு மிஸ். அந்த மூலப் பாட்டு பேரு மட்டும் சொல்லிருங்க, அதையும் போட்டுர்றோம்."

பிறகு ஒப்பந்தத்தில் ஒசாகா, சிங்கப்பூர் ஓட்டல்கள். அங்கும் பிறர் பாட்டுகளே. எரிமலைச் சாம்பல் கொட்டி, அடுத்த ஆண்டு தளமும் மூடி, ப்ளூ ஆங்கர் மோட்டார் உதிரிபாகக் கடையாகிவிட்ட பிறகுதான் ஊர் திரும்பினாள்.

2004 ஊர்த் திருவிழாவில், கூடைப்பந்து மைதானத்தில் ராக் பாட்டுப் போட்டி. நானும் அவளும் பான்சித் நூடுல்ஸ் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். கல்லூரிப் பெண் ஒருத்தி மேடையேறி மெர்லித்தா கட்டிய 'கடைசி ஜீப்' பாடினாள். மூன்றாவது வரியில், சரியான இடத்தில், இருமினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

மெர்லித்தா தட்டை என் மடியில் வைத்தாள். "இன்னும் யாராவது?" என்று நடுவர் வில்ஃப்ரெடோ கேட்டு முடிப்பதற்குள் மேடையில் இருந்தாள். நாற்பத்து நான்கு வயது. அதே பாட்டைப் பாடினாள், முதன்முறையாக எங்கள் ஊரில், தன் குரலில்.

வில்ஃப்ரெடோ தலையைச் சாய்த்தார். "குரல் அருமைம்மா. ஆனா மூணாவது வரில இருமல விட்டுட்டீங்க."

"யோவ், அது அவளோட பாட்டுய்யா!" என்று கீழிருந்து கத்தினேன்.

"எல்லாரும் அவங்கவங்க பாட்டுன்னுதான் குயா சொல்றாங்க. உக்காருங்க."

கல்லூரிப் பெண் மரியாதையாகக் கிட்ட வந்தாள். "கஷ்டமில்லம்மா. அந்த எடத்துல தொண்டைய லேசா இறுக்குங்க, தானா வந்துரும். நான் ஒரு மாசம் பழகினேன்."

"அது இஞ்சித் தண்ணிடி! தப்பா விழுந்தது."

"தட்டுல எப்பிடிம்மா தப்பு இருக்கும்?" என்றாள் அந்தப் பெண்.

கீறலையும் சேர்த்துப் பாடி வேலைக்குச் சேர்ந்தவள் இதற்கு என்ன சொல்வாள்?

"இன்னொரு வாய்ப்பு தரேன்," என்றார் வில்ஃப்ரெடோ. "இருமலோட பாடுங்க."

"மாட்டேன்," என்று ஒலிவாங்கியை அதன் தாங்கியில் செருகிவிட்டு இறங்கினாள்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பரிசு. இவளுக்கு ஆறுதல் பரிசாக ஐந்து கிலோ அரிசி. அதை எடுக்காமல் நடந்தாள். நான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இருமலுக்கு முதல் பரிசு, எனக்கு அரிசி," என்றாள் திரும்பாமல். "அன்னிக்கு எதுக்கு குயா அந்தத் தண்ணியக் குடுத்தீங்க?"