கோயில் நிலத்தை விழுங்கிய வாத்தியார்

விளையாட்டு வாத்தியார் தவினைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் எல்லாரும் அவருடைய காலிலிருந்துதான் தொடங்குவார்கள். பிரம்புப் பந்தை அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு வலைக்கு மேலே உதைக்கிற தக்ரோ ஆட்டத்தில் ரோயெத் மாகாணத்திலேயே அவருக்கு ஈடு கிடையாது என்பார்கள். இது கொஞ்சம் மிகை. மாகாணப் போட்டியில் அவர் ஆடிய அணி இரண்டாவதாகத்தான் வந்தது. கோப்பை பள்ளி அலுவலக அலமாரியில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே எழுதுவதில் பாதி நான் நேரில் பார்த்தது. மீதி அவர் மனைவி கேசோனும் அவரிடம் படித்த இரண்டு பிள்ளைகளும் சொன்னது. அவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று முரணான இடங்களை விட்டுவிட்டேன்.

பள்ளி ஆண்டு முடிந்து கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் எங்கள் கணக்கு ஆசிரியை சொந்த மாகாணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கல்வி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கணக்குக்கு ஆள் இல்லையென்றால் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான். தலைமையாசிரியை விலாய் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி, யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தவின் கையைத் தூக்கினார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நகரத்துக்குக் காலையில் போகிற பயணி வண்டி ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் அதுவும் வராது. இந்த மூன்று வகுப்புகள் இங்கே திறக்கப்படுவதற்கு முன்பு ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களில் தவினின் அக்காவும் ஒருத்தி. முழு வருகைக்காக மூன்று ஆண்டு தொடர்ந்து பரிசு வாங்கியவள்.

அன்று மாலை வீட்டில் நடந்ததைக் கேசோன் சொன்னாள்.

"உங்களுக்குக் கணக்கு வருமா?"

"கூட்டல், கழித்தல் வரும். பெருக்கல்ல ஏழாம் வாய்ப்பாடு மட்டும் கொஞ்சம் தகராறு."

"மீன்கார மாமிகிட்ட மீன் வாங்கவே அது பத்தாது. இதுல புள்ளைங்களுக்குச் சொல்லித் தரப் போறாராம்!"

கல்வி அலுவலகம் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. பள்ளி திறப்பதற்கு முன் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து தவின் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வகுப்புகள் மூடப்படும்.

தவின் கணக்கைக் கற்காமலே தேறியவர். எங்கள் பள்ளிகளில் ஒரு பாடத்தில் முட்டை வாங்கினால் விடுமுறையில் வந்து அதை அழித்துக்கொள்ள வேண்டும். மறுபடி தேர்வு எழுதி அழிக்க வேண்டும் என்பது விதி. நடப்பது வேறு. ஆசிரியர் துடைப்பம் இரண்டு கொண்டு வா என்பார், அல்லது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று என்பார். முட்டை போய்விடும். தவின் சிறுவனாக இருந்தபோது பள்ளி வேலியோரம் இருந்த மாஞ்செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார். பந்தயத்தில் ஜெயித்துக் கொடுக்கிற பையனிடம் பின்னத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த விடுமுறையில் முட்டையோடு வந்தவர்கள் இருவர். தக்ரோவில் பந்து போட்டுக்கொடுக்கிற முக் என்ற பெண், அவள் பக்கத்து வீட்டுத் தோங். இருவரும் ஏழாம் வகுப்பு முடித்தவர்கள். ஆட்டக்களத்தை ஒட்டிய தூங்குமூஞ்சி மர நிழலில் தவின் கரும்பலகையை நிறுத்தியிருந்தார். நான் எதிர்வீடு. எல்லாம் காதில் விழும்.

"எத்தன தொடப்பம் கொண்டாரணும் வாத்யாரே?" என்றான் தோங்.

"தொடப்பமெல்லாம் வேண்டாம். கணக்குப் போட்டு அழிங்க."

"யாரு சொல்லித் தருவா? டீச்சர்தான் போய்ட்டாங்களே."

"எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மூணு பேரும் சேந்து போடுவோம்."

முக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கும் முட்டையா?"

"என்னோடது ரொம்பப் பழசு. ஒடச்சா நாறும்."

இப்படித்தான் அவர்களுடைய கோடை தொடங்கியது. காலையில் வெயில் ஏறுவதற்குள் பந்து, பிறகு பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். தவின் ஆட்டக்களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பாதிக் களத்தில் முக்கையும் மூன்றில் ஒரு பங்கில் தோங்கையும் நிற்கவைத்தார். இருவரும் சேர்ந்தால் களம் கிட்டத்தட்ட நிறைந்தது. ஐந்தில் இரண்டு என்பது பாதியைவிடக் குறைவு. மூவரும் மர நிழலுக்குத் திரும்பிப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார்கள். பின்னம் பிடிபட்டது. தசமத்துக்கு வந்தபோது தவினுக்கு நடையே மாறிவிட்டது, சட்டைப் பையில் கால்குலேட்டர் இல்லாமல் வெளியே வருவதில்லை.

அப்போதுதான் சோங்கிரான் வந்தது. புத்தாண்டுக்குக் கோயிலில் திருவிழா. மேடை எங்கே, மணல் கோபுரம் எங்கே, கடைகள் எங்கே என்று சுண்ணாம்புக் கோடு போடுவது ஒவ்வோராண்டும் தவினின் வேலை. அதுவரை அவர் காலால் நடந்து, கண்ணால் பார்த்துப் போட்டுவிடுவார். ஒருநாளும் பிசகியதில்லை. இந்த முறை கோயிலை ஒட்டிய தோப்பை ஒரு குடும்பம் புதிதாகத் தானம் செய்திருந்தது. திருவிழா அங்கேதான் என்று முடிவாகியிருந்தது. மரங்களை வெட்டியாகிவிட்டது, வேலி இன்னும் போடவில்லை. பத்திரத்தில் 1-3-0 என்று இருந்தது. அதாவது எங்கள் நில அளவையில் ஒரு ராய், மூன்று ஙான், மிச்சம் ஒன்றுமில்லை. தவின் காகிதத்தில் திட்டம் போட்டுக்கொண்டு கோயில் குழுக் கூட்டத்துக்கு வந்தார்.

"ஒண்ணு புள்ளி மூணு ராய், சாமி. ரெண்டாயிரத்து எம்பது சதுர மீட்டர். மேடைக்கும் மணலுக்கும் போக, கடைங்க எல்லாத்துக்கும் எடம் பத்தாது. ஆறு கடைய நிறுத்தணும்."

கோயிலின் தலைமைத் துறவியான பெரிய சாமி தலையசைத்தார். தசமப்புள்ளியோடு பேசுகிறவரை யார் மறுப்பது? நிறுத்தப்பட்ட ஆறில் ஒன்று பிம்பாவின் சுட்ட கோழிக் கடை.

திருவிழாவின் முதல் நாள் காலை, தானம் செய்த வீட்டுப் பையன் வந்து, எங்கள் நிலத்தில் இவ்வளவு இடத்தை ஏன் சும்மா விட்டுவிட்டீர்கள் என்று கேட்டான். தவின் பக்கத்து வயல் என்று நினைத்து விட்டிருந்த துண்டு, கோயிலுடையது. நான்கு ஙான் சேர்ந்தால் ஒரு ராய், அதாவது ஆயிரத்து அறுநூறு சதுர மீட்டர். ஆகவே மூன்று ஙான் என்றால் முக்கால். நிலம் ஒன்றே முக்கால் ராய், இரண்டாயிரத்து எண்ணூறு சதுர மீட்டர். எழுநூற்று இருபது சதுர மீட்டர் அவருடைய கணக்கில் காணாமல் போயிருந்தது.

பிம்பா கையில் தண்ணீர் வாளியோடு வந்தாள்.

"கோழி சுட எடமில்லன்னீங்களே வாத்யாரே! இங்க எருமை மந்தையே படுத்துப் பொரளலாம் போலருக்கே!"

"கோயில் நெலத்த முழுங்கிட்டாருக்கா," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "செரிச்சுதா வாத்யாரே?"

"அடுத்த பொறப்புல பனைமரம் ஒசரத்துக்குப் பேயா நிப்பாரு. அங்கேருந்து பாத்தாலாச்சும் நெலம் பூராத் தெரியும்!"

வாளித் தண்ணீர் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. அன்றைக்கு எல்லார் மேலும் எல்லாரும் தண்ணீர் ஊற்றுகிற நாள்தான். அவரும் சிரித்தார். ஆனால் கோயில் சொத்தை விழுங்கினான் என்பது எங்களிடையே விளையாட்டுக்குக்கூட லேசாகச் சொல்கிற சொல் இல்லை; அப்படி விழுங்கியவன் அடுத்த பிறப்பில் பனையுயரப் பேயாவான் என்று நம்புகிறவர்கள் நாங்கள். திருவிழா முடிவதற்குள் பிம்பா தன் மகனுக்காக நகரத்துப் பள்ளி விண்ணப்பம் வாங்கிவிட்டாள். "நெலம் அளக்கத் தெரியாதவரு கணக்குச் சொல்லித் தராராம்," என்று அவள் சொன்னதை நானே கேட்டேன். இன்னும் சில வீடுகளிலும் விண்ணப்பம் வாங்கினார்கள்.

தவின் வீட்டுக்குப் போய், "விலாய் டீச்சர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றாராம்.

"சொல்லுங்க," என்றாள் கேசோன். "அதுக்கு முன்னால அந்த ரெண்டு புள்ளைங்க முட்டைய என்ன பண்றதா உத்தேசம்? தொடப்பமா?"

தலைமையாசிரியை பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் இருவருக்கும் தேர்வையாவது வைத்துவிடலாம் என்று தவின் பள்ளியைத் திறந்து, பழைய விடைத்தாள் கட்டை எடுத்து, எதில் தவறினார்கள் என்று பார்த்தார். இரண்டு ராய் ஒரு ஙான் எத்தனை ராய் என்று ஒரு கேள்வி. முக் 2.1 என்று எழுதியிருந்தாள். தோங்கும் 2.1. தேறிய பிள்ளைகளின் தாள்களையும் பிரித்தார். அவர்களில் பெரும்பாலோரும் 2.1.

அவர் தாள்களை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தார். இரும்புக் கடைக்காரரிடம் அதே மாதிரி கணக்கைக் கேட்டார், ஊர்த் தலைவரிடம் கேட்டார்; அவர்களும் பிள்ளைகளைப் போலவே புள்ளி வைத்துச் சொன்னார்கள். கடைசியாகப் பிம்பாவின் அடுப்படிக்கு வந்தார். நான் அங்கே கோழிக்காகக் காத்திருந்தேன்.

"அக்கா, ஒரு ராய் மூணு ஙான். மொத்தம் எத்தன ராய்?"

பிம்பா இடுக்கியால் கோழியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு புள்ளி மூணு. இதென்ன கேள்வி?"

"அப்ப என்கூடச் சேந்து நீங்களும்தான் முழுங்கியிருக்கீங்க."

இடுக்கி நின்றது. தவின் அடுப்புக் கரியொன்றை எடுத்து, தரையில் ஒரு கட்டம் போட்டு நான்காகப் பிரித்தார். மூன்றைக் கறுப்பாக்கினார். பக்கத்தில் இன்னொரு கட்டத்தைப் பத்தாகப் பிரித்து, அதிலும் மூன்றைக் கறுப்பாக்கினார். பிம்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட பாவி, ரெண்டும் ஒண்ணில்லையா?" என்றாள். "இத்தன வருஷமா ஒருத்தரும் இத எனக்குச் சொல்லல."

"எனக்கும்தான் சொல்லல. ஒருத்தன் தவறவிட்டா அவன் காலு சரியில்லன்னு சொல்லலாம். ஊரே ஒரே எடத்துல வழுக்குதுன்னா, அந்த எடத்தத்தான் மொதல்ல காட்டணும்."

கோழி கருகியதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலைமையாசிரியையிடம் முடியாது என்று சொல்லப் போகவில்லை.

மேற்பார்வையாளர் நரைத்த தலையோடு, கையில் விசிறியோடு வந்த ஓர் அம்மையார். முக், தோங், அடுத்து ஏழாம் வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்திருந்தோம். வருகையைக் குறித்துக்கொடுக்க என்னை அழைத்திருந்ததால் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். தவின் பலகையில் 1-3-0 என்று எழுதினார். எத்தனை ராய் என்றார். புதிய பிள்ளைகள் ஒரே குரலில் ஒன்று புள்ளி மூன்று என்றார்கள்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் என்னாச்சுன்னு ஊருக்கே தெரியும்," என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரியாது.

எல்லாரையும் வெளியே அழைத்துப்போய்க் களத்தில் ஒரு சதுரத்தை நான்காகவும், இன்னொன்றைப் பத்தாகவும் பிரிக்கச் சொன்னார். அதுவரை நன்றாக நடந்தது. அப்போது அம்மையார் விசிறியை மடக்கினார்.

"இரண்டு புள்ளி ஆறு ராய். அதுல எத்தன ராய், எத்தன ஙான்?"

தவின் இந்தத் திசையில் பழகியிருக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டினார். இரண்டு ராய் ஆறு ஙான் என்று யாரோ முனகினார்கள். அப்படிச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒடனே வரலம்மா," என்றார். "ஆறு ஙான் இல்லன்னு மட்டும் தெரியும். நாலு ஙானுக்கே ஒரு ராய் ஆயிடுதே. போட்டுப் பாக்கலாங்களா?"

தவின் தரையில் உட்கார்ந்தார், பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். புள்ளி ஆறை நாலால் பெருக்கணும் என்றாள் முக். ஏன் என்று தவின் கேட்டார். ஒரு ராய்க்கு நாலு ஙான், அதில் புள்ளி ஆறு பங்கு என்றாள். விடை இரண்டு புள்ளி நான்கு ஙான் என்று வந்தது. "இப்ப அந்தப் புள்ளி நாலு என்ன?" என்று தோங் கத்தினான். "மறுபடியும் பத்துல நாலா?" ஆமாம், ஒரு ஙானில் பத்தில் நான்கு. ஒரு ஙான் நானூறு சதுர மீட்டர். ஆகவே நூற்று அறுபது சதுர மீட்டர். தவின் விரலால் மண்ணில் பெருக்கிச் சரிபார்த்தார். பெருக்கல் சரி.

அம்மையார் அவரைத் தனியே அழைத்தார். நான் வருகைத் தாளைக் கொடுக்கப் போனதால் கேட்க முடிந்தது.

"உங்களுக்குக் கணக்கு ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும்."

"ஆமாங்கம்மா."

"நீங்க பிள்ளைங்ககிட்ட 'ஏன்'னு கேக்கறீங்க, அவங்களும் திருப்பிக் கேக்கறாங்க. பல பள்ளிக்கூடத்துல அது இல்ல. இந்த ஒரு வருஷம் நடத்துங்க. சனிக்கெழம பயிற்சிக்கு வரணும், ஒண்ணுகூட விடாம. வருஷக் கடைசில மறுபடி வருவேன். அப்ப இன்னிக்கு மாதிரி முழிக்கக் கூடாது."

வகுப்புகள் திறக்கப்பட்டன. ஏழாம் வகுப்புப் பதிவேட்டில் பிம்பாவின் மகன் பெயரும் இருக்கிறது. முக் தேர்வில் தேறினாள். தோங் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறினான். அந்த ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்று அவன் அம்மா வந்து கேட்டாள். தவின் மறுபடி எழுத வைத்தார்.

விடுமுறையின் கடைசி நாளில் தோங் மரத்தடியில் உட்கார்ந்து அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருந்தான். எதிர் பெஞ்சில் தவின் அடுத்த பாடமான குறை எண்களோடு போராடிக்கொண்டிருந்தார். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எப்படி வரும் என்று அவர் வாய்விட்டுக் கேட்பது என் வீடு வரைக்கும் கேட்டது.

"மனசுக்குள்ள போடுங்க வாத்யாரே," என்றான் தோங். "எனக்குக் கவனம் செதறுது."