மாட்டுப்படம் போட்ட டொபி

மரியரஞ்சனி ஒரு சாமானை நல்லது என்று சொல்லிவிட்டால் அது நல்லதுதான். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் இதை மறுக்க ஒரு தமிழ் வீடு கிடையாது. எந்த மாவில் இடியப்பம் உதிராமல் வரும், எந்தக் குளிர்ச் சப்பாத்து இரண்டாம் வருடமும் தண்ணீர் விடாது, எந்தக் கடைக்காரன் பழைய கோழியைப் புதுசென்று விற்கிறான், எல்லாம் அவளைக் கேட்டுத்தான். கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அப்படிப்பட்டவளின் வாயை இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் ஊரே சேர்ந்து அடைக்கப் பார்த்தது. காரணம் வேறொன்றுமில்லை, அந்த முறை அவள் நல்லது என்று சொன்ன சாமான்கள் போலந்திலிருந்து வந்தவை.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கிற பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தாள். அங்கேயே கூட வேலை செய்த பிலேந்திரனைக் கலியாணம் முடித்தாள். பிறகு இருவரும் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார்கள். அவள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போனாள். அவன் ஹொல்ம்லியா ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்க் கடை போட்டான். கடை அவனுடைய பெயரில், அவனுடைய யோசனையில் நடந்தது. சனிக்கிழமைகளில் நின்று காசு வாங்குவது மட்டும் அவள் பங்கு.

ஹோட்டலில் அவளுக்குச் சோடியாக வாய்த்தவள் டனூட்டா. போலந்துக்காரர் நோர்வேயில் வேலை செய்யலாம் என்று கதவு திறந்த கையோடு ஒஸ்லோவுக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழியும் ஒரே கத்தோலிக்கக் கோயிலும்தான். ஞாயிற்றுக்கிழமை போலிஷ் பூசை முடிந்து டனூட்டா வெளியே வர, தமிழ்ப் பூசைக்கு ரஞ்சனி உள்ளே போவாள். வாசலில் நின்று இரண்டு வார்த்தை கதைப்பார்கள். வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டை மாற்றிச் சாப்பிடத் தொடங்கினார்கள். அதோடு ரஞ்சனிக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பிடிக்க வேண்டிய பித்துத்தான். அந்த உப்பு வெள்ளரிக்காயையே எடுங்கள். பெரிய கடைகளில் சீனியும் வினாகிரியும் விட்டு ஊறவைத்து விற்கிற அந்தச் சப்பென்ற சாமான் அல்ல. உப்புத் தண்ணீரில் உள்ளியும் சதகுப்பையும் போட்டுத் தானாகப் புளிக்க விட்டது. சோற்றுக்கும் பருப்புக்கும் அதைக் கடித்துக்கொண்டால் ஊறுகாய்ப் போத்தலை யாரும் தேட மாட்டார்கள். பீற்றூட்டைத் துருவி, கடுகைப் போல மூக்கில் ஏறுகிற ஒரு வேரோடு சேர்த்து அடைத்த போத்தல் இருக்கிறதே, அது பிட்டுக்கென்றே பிறந்தது. காஷா என்றொரு வறுத்த தானியம். இரவில் சோற்றைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்ன ஆட்கள் கும்பிட்டு வாங்க வேண்டியது. தகரத்தில் புகை போட்ட சிறுமீன், நெத்தலிக்கு அண்ணன். கசகசாவை அரைத்து உள்ளே சுருட்டிய கேக். சாப்பாடு மட்டுமா, நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் சட்டி ஒன்றை டனூட்டா கொடுத்தாள். எவ்வளவு புளி விட்டுக் குழம்பு வைத்தாலும் அது கறுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த டொபி. மஞ்சள் கடதாசியில் ஒரு மாட்டுப்படம். பிரித்து வாயில் போட்டால் மேலே கொஞ்சம் இறுக்கம், உள்ளே மணல்மணலாகக் கரையும் பாலும் சீனியும். ரஞ்சனி முதல்நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, கையில் படுக்கை விரிப்போடு அப்படியே நின்றாள்.

"இது எங்கடை பால் டொபி எல்லோ" என்றாள் தமிழில். டனூட்டாவுக்கு வார்த்தை விளங்கவில்லை, முகம் விளங்கியது. இன்னும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள்.

மாசி மாதம் ரஞ்சனி புருஷனிடம் ஒரு தட்டுக் கேட்டாள். அரிசி மூட்டைகளுக்கு மேலே, சுவரோரம் இருந்த ஒற்றைத் தட்டு. அதில் போலிஷ் சாமான் மட்டும் வைப்பாள், தானே வாங்குவாள், தானே விற்பாள். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். பிலேந்திரன் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, பாப்பம்" என்றான்.

பார்த்தது என்ன? ஆட்கள் வந்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள். கத்தரிக்காய் வாங்க வந்த ஒருத்தி வெள்ளரிக்காய்ப் போத்தலைக் கையில் எடுத்தாள். போலிஷ் என்றதும் சூடு பட்டவள் போலத் திருப்பி வைத்தாள். வைத்த கையைக் குளிர்ச்சட்டையில் துடைக்கவும் செய்தாள். ரஞ்சனிக்கு அந்தத் துடைப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

எல்லோருக்கும் மேலாக அருளானந்தன். சங்கம், கோயில், விளையாட்டுப் போட்டி எதுவென்றாலும் முன்வரிசைக் கதிரை அவருக்கு. பாட்ஸ்பியோர்ட்டில் பிலேந்திரனோடு ஒரே அறையில் இருந்தவர். அவர் தட்டுக்கு முன்னால் நின்று சொன்னார்: "ரஞ்சனி, உமக்கு என்ன விசரே? அவங்கள் குறைஞ்ச சம்பளத்துக்கு வந்து இஞ்சை எங்கடை ஆக்களின்ரை வேலையைப் பறிக்கிறாங்கள். நீர் அவங்கடை சாமானைத் தூக்கி வைச்சு விக்கிறீர்."

குறைந்த சம்பளம் என்று சொன்ன அதே மனிதரின் வீட்டுக் குளியலறைக்கு மாபிள் பதித்தது யார்? இரண்டு போலிஷ்காரர். குறைந்த கூலி என்பதால்தான் அவர்களைப் பிடித்தார். அதற்கு மட்டும் அவருக்குக் கை கூசவில்லை. கேட்டால் உலகம் அப்படித்தான் என்பார்கள். எரிகிறதா இல்லையா?

பிலேந்திரன் அருளானந்தனுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான். அவர் போன பிறகு பெண்சாதிக்கு முன்னால் திறந்தான். "அருளானந்தனண்ணையின்ரை மகளின்ரை முதல் நன்மை முடியட்டும். அதுக்குள்ளை விக்காட்டி தட்டை எடுக்கிறன். போன் கார்ட் வைக்க இடமில்லாமல் கிடக்கு."

அன்றிலிருந்து ரஞ்சனி சனிக்கிழமை தோறும் அந்தத் தட்டைத்தான் முதலில் பார்ப்பாள். வெள்ளரிக்காய் அப்படியே இருக்கும், காஷா அப்படியே இருக்கும். டொபி மட்டும் காலியாகியிருக்கும். அவள் திரும்பவும் வாங்கி நிரப்புவாள். அடுத்த சனி திரும்பவும் காலி. ஒன்றாவது பிடித்துக்கொண்டதே என்று அவளுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். டனூட்டாவிடம் சொன்னாள். அவள் ஈஸ்டருக்கு வந்திருந்த தன் தாயையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்த மனிசி தட்டில் டொபி இருந்த வெறும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார். தங்கள் நாட்டு டொபியை இத்தனை தூரத்து மனிதர் தேடி வாங்குகிறார்கள் என்று மகள் சொல்லக் கேட்டு, ரஞ்சனியைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கண் கலங்கியிருந்தது. பிலேந்திரன் அந்த நேரம் பார்த்து உள்ளே வெண்காயத்தில் நல்லது கெட்டது பிரிக்கப் போய்விட்டான்.

வைகாசியில், பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த முதல் நன்மை நாள் வந்தது. அன்று காலையில் விருந்துக்குக் கடதாசிக் கோப்பை எடுக்க ரஞ்சனி கடையின் களஞ்சிய அறைக்குள் போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பை. கட்டை அவிழ்த்தாள். உள்ளே நிறைய மஞ்சள் கடதாசி, ஒவ்வொன்றிலும் மாடு. பக்கத்தில் ஒரு கத்தி, உடைத்த முந்திரிக் கஜு, வெறும் பொலித்தீன் பைகள். அவளுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

பிலேந்திரன் டொபியின் உடுப்பை உரித்து, ஓரத்தைச் சீவிச் சதுரமாக்கி, மேலே ஒரு கஜுத் துண்டை அமத்தி, ஊர்ப் பால் டொபி என்று விற்றிருக்கிறான். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் போய் வருகிறவர் கையில் முருங்கைக்காயும் பனம்பழப் பினாட்டும் வந்துகொண்டிருந்தன. ஊரிலிருந்து வந்தது என்றால் எங்கள் ஆட்கள் கல்லையும் கடிப்பார்கள். அதுவும் மேசைக்குக் கீழேயிருந்து எடுத்து, உங்களுக்கு மட்டும் என்று கொடுத்தால் கேட்கவே வேண்டாம். கிழமை நாட்களில் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"வித்துப்போச்சுத்தானே" என்றான் பிலேந்திரன், அவள் பையோடு தன் முன்னால் வந்து நின்றபோது. "உம்மடை சாமான்தானே வித்தது. என்ன குறை?"

"என்ரை சாமானை நீங்கள் விக்கேல்லை. உங்கடை பொய்யைத்தான் வித்தனீங்கள். அந்த அம்மா வந்து என்னைக் கொஞ்சிப்போட்டுப் போனவ. நான் அவவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"ரஞ்சனி, இண்டைக்கு மட்டும் வாயைத் திறவாதையும். விருந்துக்கும் அதைத்தான் குடுத்திருக்கிறன். அண்ணைக்குத் தெரிஞ்சால் ஒருத்தரும் கடைப் பக்கம் வராயினம். எப்பிடியும் நாளைக்குத் தட்டை எடுக்கிறன், பிரச்சினை முடிஞ்சுது."

நாளைக்குத் தட்டை எடுக்கிறானாம். அவள் சேலை மாற்றினாள், கொண்டை போட்டாள், கறுப்புப் பையை மடித்துத் தோள்பைக்குள் வைத்தாள்.

மண்டபம் நிறைந்த சனம். வெள்ளை உடுப்போடு அருளானந்தனின் மகள் பலூன்களுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நடு மேசையில் பெரிய தட்டம் நிறைய டொபி, கஜுப் பொட்டு வைத்துக்கொண்டு. அருளானந்தன் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இதுதான் சாமான்" என்றார். "ஊர்ப் பாலின்ரை உருசி எங்கையும் வராது. நோர்வேக்காரன் தலைகீழாய் நிண்டாலும் வராது. சிலபேர் கடையிலை போலிஷ் சாமான் விக்கினம். நாய்க்கும் போடேலாது அதை. ரஞ்சனி, கோவிக்காதையும்."

சனம் சிரித்தது. பிலேந்திரனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவள் சத்தம் போடவில்லை.

"அண்ணை, உங்கடை வடைக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. இஞ்சை பிறந்த பிள்ளையளும் கேக்கட்டும்."

அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் அருளானந்தன் மாட்டேன் என்று சொன்னதில்லை. இன்னொரு டொபியை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தொடங்கினார். பாட்ஸ்பியோர்ட்டில் முதல் நத்தார்ப் பண்டிகை. பருப்பு ஊறவைத்து அரைத்து வடை சுட்டு, மேற்பார்வையாளனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் ஒரு கடி கடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். யார் செய்தது என்று கேட்டான். நாங்கள் செய்தது என்றார். மிச்ச வடையை அவன் அவருக்கு முன்னாலேயே குப்பை வாளிக்குள் போட்டான். கையையும் துடைத்துக்கொண்டான்.

"நல்லாயிருக்கெண்டு சொன்ன வாயாலை" என்று சொல்லும்போது அவருக்கு வழமை போலக் குரல் உடைந்தது. "அண்டைக்கு எனக்குச் செத்திடலாம் போலை இருந்தது."

சனம் உச்சுக் கொட்டியது. உண்மையான கவலைதான், பொய் சொல்லக் கூடாது. ரஞ்சனிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவருக்காக மனம் நோகும். அன்றைக்கும் நொந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

அவள் மேசைக்குக் கிட்டப் போனாள். தோள்பையைத் திறந்தாள். கறுப்புப் பையைத் தட்டத்துக்கு மேலே கவிழ்த்தாள். மஞ்சள் கடதாசிகள் டொபியை மூடி, மேசையை மூடி, நிலத்திலும் விழுந்தன. ஒரு பிள்ளை குனிந்து ஒன்றை எடுத்து, "அம்மா, மாடு" என்றது.

"அண்ணை, உங்கடை வாயிலை இருக்கிறதின்ரை உடுப்பு இது. போலந்திலை செய்தது. நீங்கள் நாய்க்கும் போடேலாதெண்டு சொன்ன தட்டிலை இருந்தது. நல்லாயிருக்கெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டியள். இனித் துப்புறதெண்டால் துப்புங்கோ. குப்பை வாளி அங்கை இருக்கு."

அருளானந்தனின் கன்னம் ஒரு பக்கம் புடைத்தபடி இருந்தது. அவர் வாளியைப் பார்த்தார். பிலேந்திரனைப் பார்த்தார், அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மெல்ல விழுங்கினார். விழுங்கிவிட்டுக் கதிரையில் இருந்தார். ரஞ்சனி சாப்பாட்டுக்கு நிற்கவில்லை, வெள்ளை உடுப்புப் பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

ஊர் கொதித்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையின் விருந்தைக் குழப்பினவள் என்று பேசினார்கள். பேசட்டும். பொய்யை விற்றவனையோ, தின்றுகொண்டே பழித்தவரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, காட்டிக் கொடுத்தவளைத்தான் கேட்டார்கள். கடைக்கு ஆள் குறைந்தது. பிலேந்திரன் இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஆனால் தட்டில் கை வைக்கவில்லை. ரஞ்சனி கேட்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, கடையில் வேறு ஆளில்லாத நேரம் பார்த்து அருளானந்தனின் மனைவி புஷ்பமலர் வந்தாள். கறிவேப்பிலையைக் கொஞ்சம் புரட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளையள் அந்த டொபியைக் கேட்டு அரிக்குதுகள், ரஞ்சனி. அவருக்கும் பிடிக்கும், சொல்லமாட்டார். அந்தக் கடதாசியை உரிச்சுப்போட்டு ஒரு பையிலை போட்டுத் தாருமன்."

பிலேந்திரன் பழக்க தோஷத்தில் எழுந்து டொபிப் பொதியையும் கத்தியையும் எடுத்தான். ரஞ்சனி அவன் கையிலிருந்து பொதியை வாங்கிப் புஷ்பமலருக்கு முன்னால் வைத்தாள்.

"மாட்டோடை எண்டால் கொண்டு போங்கோ, அக்கா. இல்லாட்டி வேண்டாம்."

புஷ்பமலர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து பிடித்தாள்.