பீச்சாங்கைக்கு ஒரு ரீல்

துலும் நகரில் முக்குளிப்புச் சாமான் விற்கும் ஹெர்மிலோவின் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கயிறு சுற்றிய ரீல்கள் தொங்கின. நெய்தி ஒவ்வொன்றாக எடுத்து, வலக்கையில் பிடித்து, இடக்கையால் சுற்றிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கைக்கு வாகாக இல்லை. சுற்றுகிற குமிழ் எல்லாவற்றிலும் வலப்பக்கமே இருந்தது. இடக்கை அதை எட்ட, கயிற்றைத் தாண்டிப் போய் அதிலேயே இடித்துக்கொண்டது.

"இதெல்லாம் செஞ்சவங்க வீட்டுல இடது கைப் புள்ளையே பொறக்கலியா, அண்ணே?"

ஹெர்மிலோ சோளரொட்டியை மென்றபடி சிரித்தான். "பொறந்திருக்கும். அடிச்சுத் திருத்தியிருப்பாங்க."

சுருக்கென்றது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளுடைய இடக்கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார். வீட்டில் பேசும் மாயா மொழியிலோ இடதுக்கும் கோபத்துக்கும் ஒரே ஒலிதான்: ட்சீக். "ட்சீக் வர்றா" என்று பையன்கள் கத்தினால், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டையும்தான்.

அவளுடைய ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு செனோத்தே இருக்கிறது. மேலே பார்த்தால் அகலமான கிணறு. அடியில் தண்ணீர் நிறைந்த குகை காட்டுக்குக் கீழே வெகுதூரம் போகும். அதைப் பார்க்க வருகிறவர்களை வெளியூர் வழிகாட்டிகள் அழைத்துப் போகிறார்கள். ஊர்க்காரி நெய்தி அவர்களுடைய காற்றுச் சிலிண்டரைச் சுமந்து படியிறக்குகிறாள். வழிகாட்டித் தேர்வில் தேறினால் அவளே உள்ளே கூட்டிப்போகலாம். முதல் தடவை தவறிவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் இனி வராதே என்று தேர்வு வைக்கும் ரோமுலோ சொல்லிவிட்டார்.

குகைக்குள் நிரந்தரமாக ஒரு கயிறு கிடக்கிறது. வெளிச்சம் விழும் நீரிலிருந்து அதுவரைக்கும் வழிகாட்டிதான் தன் ரீலிலிருந்து கயிறு போட்டுக்கொண்டே போக வேண்டும், திரும்பும்போது சுற்றிக்கொண்டே வர வேண்டும். மண் கலங்கிக் கண் தெரியாமல் போனால் அந்தக் கயிறுதான் வாசல்.

போன தடவை ரோமுலோ தன் ரீலையே கொடுத்தார். "இடது கையில பிடி, வலது கையால சுத்து. உலகமே அப்படித்தான் செய்யுது." அவளுடைய வலக்கை தட்டுத் தடுமாறிச் சுற்றியதில் கயிறு தொய்ந்து, உருளையின் இடுக்கில் நுழைந்து, காக்கைக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது. மேலே வந்ததும், "உன் கை சரியில்ல" என்றார். அதோடு சரி.

"அவர் சொல்றதும் நெசம்தானே?" என்றான் ஹெர்மிலோ. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"கூடம் நெசமாவே கோணலா இருந்தா?"

கேட்டுவிட்டாளே தவிர, அந்தச் சந்தேகம் அவளுக்கும் உண்டு. தன் தடுமாற்றத்துக்குச் சாமான் மீது பழிபோடுகிறேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறாள்.

சுற்றிலும் மூடிபோட்ட பளபளப்பான ரீல் ஒன்றை அவன் நீட்டினான். "சுத்திப் பாக்க வர்றவங்க இதத்தான் கேக்குறாங்க."

"உள்ள சிக்கினா விரல விட்டு எடுக்க முடியாது. அவங்களுக்கே குடுங்க."

உருளை திறந்திருக்கும் ரீல் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அச்சில் ஒரு திருகாணி இருந்தது. "இதக் கழட்டி உருளைய மாத்திப் போட்டா குமிழ் இந்தப் பக்கம் வந்துரும்ல?"

"கழட்டினா கம்பெனி கேரண்டி போயிரும், தாயி."

"கையில நிக்காத ரீலுக்குக் கேரண்டி எதுக்கு? தண்ணிக்குள்ள நான் செத்துப் போனப்புறம் எங்கம்மாகிட்ட காட்டவா?"

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

உருளையைத் திருப்பினால் கயிறு ஏறும் திசையும் மாறிவிடும். கடைக்குப் பின்னால் நெய்தி முழுக் கயிற்றையும் அவிழ்த்து, விளிம்புவரை நிறைக்காமல் மறுபடி சுற்றினாள். பிறகு கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் கயிறு போட்டுப் போய், தடவித் தடவிச் சுற்றிக்கொண்டே திரும்பினாள். கயிறு எங்கும் தொய்யவில்லை. கண்கட்டை அவிழ்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு திருகாணி. இதற்காகவா இத்தனை வருஷம்?

மறுநாள் காலை ரோமுலோவின் கண்முன்னே நெய்தி நீரில் இறங்கினாள். திறந்த நீரில் ஒரு பாறையில் முதல் கட்டு, குகைவாயில் இரண்டாவது. உள்ளே போய் நிரந்தரக் கயிற்றோடு தன் கயிற்றைச் சேர்த்தாள். திரும்பி வருகையில் அவர் விளக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இருட்டில் இடக்கை தன் பாட்டுக்குச் சுற்றியது. கயிறு சிடுக்கில்லாமல் ஏறியது.

படியில் உட்கார்ந்து ரோமுலோ முகமூடியைக் கழற்றினார். "பாஸ். பாத்தியா, மனசு வச்சா உன் கையும் திருந்துது."

நெய்தி பாஸை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், கேட்டது கிடைத்துவிட்டது.

"கை திருந்தல, மாஸ்டர். அதே கைதான். ரீலத்தான் திருப்பிப் போட்டேன்."

"சரி, எப்படியோ. பாஸ் ஆயிட்ட இல்ல? இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவள் ரீலை நீட்டினாள். "பிடிங்க. உங்க சோத்தாங்கையால ஒரு சுத்து சுத்துங்க."

அவர் அதைப் பார்த்தார். குமிழ் எந்தப் பக்கம் என்று பார்த்தார். கை நீளவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார். "நாளைக்கு நாலு பேர் வர்றாங்க. நீயே கூட்டிட்டுப் போ."

"போறேன். போன தடவை என் கை சரியில்லன்னு சொன்னீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க."

"அது முடிஞ்ச கதை, நெய்தி."

"உங்களுக்கு."

அவர் சிலிண்டரைத் தூக்கப் போனார். வழக்கம்போல அதைச் சுமக்க எழுந்த நெய்தி, பாதியில் நின்று, மறுபடி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.