வெந்நீரில் ஊறிய எட்டுக் குழல்கள்

இங்கே பள்ளிக்கூடத்தில் பாடும்போது பிள்ளைகள் கையை அசைக்கக் கூடாது. காலையில் கொடியேற்றிப் பாடும் மலாய் நாட்டுப்பண்ணுக்கு விரல்கூட ஆடாமல் விறைத்து நிற்க வேண்டும். திருச்சியில் தாளம் போடாமல் பாடியதற்காக அடி வாங்கியவள் நான். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிகப் பாட்டு ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டாகியும் இது எனக்குப் பழகவில்லை. கை தானாகத் தொடைக்குப் போகும். நானே பிடித்து நிறுத்துவேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான்கு மொழிப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மேடையேறும் விழாவுக்காக, ரெக்கார்டர் என்னும் மரக்குழல்கள் எட்டு எங்களுக்கு வந்தன. “பிள்ளைங்க நல்லா வாசிச்சாத்தான் டீச்சர், உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் கேட்க முடியும்” என்றார் தலைமையாசிரியர். என் கணவருக்குத் துறைமுக வேலை போயிருந்த நேரம். எங்கள் சோறு அந்த எட்டுக் குழலில்தான் இருந்தது.

பிள்ளைகள் பதினாறு பேர். பாதிப்பேர் ஊத, பாதிப்பேர் பாட, பிறகு மாறிக்கொள்ள வேண்டும். நன்றாக ஊதுகிற பாக்கியத்தின் அம்மா மூன்றாம் நாளே வந்துவிட்டார். “யார் யாரோ எச்சி பண்ணினதை எம்பிள்ள வாயில வைக்கணுமா? நல்லா கழுவிக் குடுங்க டீச்சர். இல்லாட்டி அனுப்ப மாட்டேன் லா.” எனக்குக் கோபமே வரவில்லை. தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவளுக்கு அந்த அருவருப்பு புரியாதா? துணியால் துடைத்தது போதாதென்று, விழாவுக்கு முந்தின நாள் எட்டையும் உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, சுள்ளென்ற வெயிலில் காயவைத்தேன். செய்ததில் பெருமை வேறு.

மறுநாள் மேடைக்குப் பின்னால் குழல்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று விரிசல் விட்டிருந்தன. மற்றவற்றில் ஊதினால் காற்றுத்தான் வந்தது. மேடையில் சீனப் பள்ளி வாசித்துக்கொண்டிருந்தது, அடுத்தது நாங்கள். அவர்கள் இறங்கியதும் அவர்களுடைய ஆசிரியை மிஸ் லிம் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

“ஹாட் வாட்டர். சால்ட். மவுத் கிளீன்” என்று உளறினேன்.

“சில்ட்ரன் சிக்?” சட்டென்று தம் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்தார்.

“நோ சிக்! நோ சிக்!” விரிசல் விட்ட குழலை நீட்டினேன். புரிந்துகொண்டார். “ஐயோ, வுட் லா! கேனாட் வாஷ்!” என்றவர், தம் பிள்ளைகளின் கையிலிருந்த குழல்களை வாங்கி என்னிடம் நீட்டினார். எட்டிலும் எச்சில் ஈரம் மின்னியது.

எங்கள் பிள்ளைகள் கை நீட்டவில்லை. பாக்கியம், துணைக்கு வந்து நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். வெளியே எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார்கள். நான் ஒரு குழலை வாங்கி, துடைக்காமலே வாயில் வைத்து ஊதினேன். பிறகு அதைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மற்ற ஏழு பேரும் வாங்கினார்கள். பாக்கியத்தின் அம்மா தடுக்கவில்லை. “வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணியில கொப்பளிச்சுக்க” என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

பிள்ளைகள் பிசகாமல் வாசித்தார்கள். கைதட்டல் அடங்குமுன் தலைமையாசிரியர் உள்ளே ஓடிவந்து, “அடுத்த வருஷமும் நீங்கதான் டீச்சர்!” என்றார். அழுகை முட்டியது. முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். பழக்கத்தில் கொப்பளிக்க ஒரு வாய்த் தண்ணீரையும் அள்ளி ஊற்றிக்கொண்டுவிட்டேன். நிமிர்ந்தால் பக்கத்தில் மிஸ் லிம், என்னைப் பார்த்துச் சிரித்தபடி. அவர் எதிரில் துப்ப மனம் வரவில்லை. விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்பியபடியே நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.