கட்டிலுக்கடியில் கடல்

எங்கள் வீட்டில் கடல் கட்டிலுக்கடியில் இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, வெளிச்சம் படாமல் சுவரோரமாகத் தள்ளி வைத்திருப்பார் என் கணவர். அவர் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். மங்களூரிலிருந்து மலைப்பாதை ஏறி வரும் டிரைவர்கள் மற்ற மெக்கானிக்குகளுக்கு முந்திரிப்பருப்பு கொண்டு வருவார்கள், கருவாடு கொண்டு வருவார்கள். என் வீட்டுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் வந்தது. அந்தக் கேன்களுக்கு மேலேதான் நான் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. எங்கள் முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. இரண்டாவது தங்கியதும் லேடி டாக்டர் கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டுவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். படுத்தே இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. அதற்குப் பிறகு பாத்ரூம் போவதுகூடக் கிடையாது. “காலைத் தரையில வச்சா நான் பொறுப்பில்லை” என்று என்னைப் பார்த்துச் சொல்லாமல் இவரைப் பார்த்துச் சொன்னார் டாக்டர். என்னவோ கால் இவருடையது மாதிரி.

ஈரோட்டிலிருந்து வந்து ஒத்தாசை செய்ய என் பிறந்த வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காதான் எல்லாம். காலையிலும் மத்தியானமும் வந்து சோறு போட்டு, முகம் கழுவிவிட்டு, படுக்கையில் வைக்கிற பேசினையும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போவார். போகும்போது வாசலில் நின்று “ஏளபேடம்மா” என்று ஒரு தடவை சொல்வார். எழுந்திருக்காதே என்று அர்த்தம். பிறகு கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்வார். என்னால்தான் எழுந்து தாழ் போட முடியாதே.

மீன் தொட்டியை இவர் கூடத்திலிருந்து என் கட்டில் பக்கத்துக்கு மாற்றியது அப்போதுதான். “சும்மா சுவத்தப் பாத்துட்டுக் கெடக்கறதுக்கு இதப் பாரு” என்றார். பட்டறையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து தூக்கி வைத்தார். கையை நீட்டினால் கண்ணாடி தொடும் தூரம். தசரா எக்ஸிபிஷனில் ஒரு வருஷம் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. அதற்கு முன்னால் தங்கமீன் வளர்த்துக் கொண்டிருந்தவர், அவற்றையெல்லாம் யாருக்கோ தானம் பண்ணிவிட்டு, தடிக்கண்ணாடி வாங்கித் தானே ஒட்டினார். மெட்ராஸ் கடையிலிருந்து கடல் பாறையும் மீனும் பிளாஸ்டிக் பையில் ராத்திரி ரயிலில் துண்டு சுற்றி வந்தன. கல்யாணமாகி நான் வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு பத்திரமாகக் கூட்டி வரவில்லை.

ஆனால் படுத்துக் கிடந்தவளுக்கு அது ஒரு உலகமாக இருந்தது. மேலே ஒரு நீல டியூப்லைட் எரியும். அறையில் ஜன்னலைச் சாத்தினால் சுவரெல்லாம் நீலம், என் கை நீலம், போர்வை நீலம். மோட்டாரிலிருந்து குமிழ்கள் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கி, அதிலேயே விழிப்பேன். எது கனவு, எது தொட்டி என்று சில மத்தியானங்களில் எனக்கே பிடிபடாது. கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து தெருவைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டிப் போய்க் கொண்டிருப்பதாகவும், அக்கா கரையில் நின்று ஏளபேடா ஏளபேடா என்று கத்துவதாகவும் ஒரு கனவு அடிக்கடி வரும். பயமே இருக்காது அதில். இதமாக இருக்கும்.

பாறை என்று வாங்கி வைத்தது வெறும் பாறை இல்லை. நாள் ஆக ஆக அதன் பொந்துகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மயிரிழை விசிறி மாதிரி ஒரு புழு. நகத்தளவு நட்சத்திரமீன். யாரும் காசு கொடுத்து வாங்காத ஒரு நண்டு. நடுவில் ஒரு அனிமோன். அதைக் கடல்பூ என்றுதான் நான் சொல்வேன். லைட் போட்டால் மெதுவாக விரியும், பிடிக்காவிட்டால் சுருங்கி உம்மென்று உட்காரும். அதன் இதழ்களுக்குள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள் புகுந்து புரண்டு கொண்டிருக்கும். பெரியது பெண், சின்னது ஆண். சின்னது கொஞ்சம் தள்ளிப் போனால் பெரியது விரட்டிக் கூட்டி வரும். “நம்ம வீடு மாதிரியே இருக்குங்க” என்பேன். “நெஜந்தான்” என்பார், திரும்பிப் பார்க்காமல்.

காலையில் இவர் அந்தத் தொட்டிக்குச் செய்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பாசியைப் பழைய பிளேடால் சுரண்டுவார். உப்பு அளக்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். தண்ணீர்தான் ஆவியாகுமாம், உப்பு போகாதாம். “காவேரியக் கடல்ல கலந்தாச்சு” என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

சாயந்திரம் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பார்: “பூ விரிஞ்சுதா? சின்னது சாப்ட்டுச்சா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூ விரிந்ததா, மீன் சாப்பிட்டதா, நண்டு தெரிந்ததா. வயிற்றில் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெயர் பேசியதில்லை, பெண்ணா பையனா என்று விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. டாக்டர் கேட்பதை மட்டும் கேட்டு, மாத்திரையை எண்ணிக் கையில் கொடுப்பார். முதல் குழந்தை போனபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுநாளே பட்டறைக்குப் போய்விட்டார். இந்த மனுஷனுக்கு மோட்டாரும் மீனும் இருந்தால் போதும் என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன். அதனால், ஐந்தாம் மாதம் பிறந்து வயிற்றுக்குள் முதல் அசைவு தெரிந்தபோது இவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அந்த நாளில் ஸ்பேனர் எடுக்கிற கை எதுவும் ஸ்பேனரைத் தொடாது. மிஷினுக்கெல்லாம் ஓய்வு. இவர் அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டார்ச்லைட் வரைக்கும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைப்பார். தொட்டியின் இரண்டு மோட்டார்களையும் அன்றைக்குக் கழற்றினார். சேறு எடுத்துக் கழுவி, பூ வைத்து, அந்த வரிசையில் சேர்த்தார்.

“அத நிறுத்தலாமாங்க?” என்றேன்.

“தங்கமீன் இருக்கறப்ப வருஷா வருஷம் நிறுத்துனதுதானே. ஒண்ணும் ஆகல. ராப்பகலா ஓடுதில்ல, அதுக்கும் ஒரு நா ரெஸ்ட் பேடவா?” என்றார், வேண்டாமா என்பதைப் பாதி கன்னடத்தில். பண்டிகை நாளாயிற்றே என்று மீன்களுக்கு இறாலை நறுக்கி இரண்டு மடங்காகப் போட்டார். நெற்றியில் சந்தனத்தோடு பட்டறைப் பூஜைக்குக் கிளம்பினார். அக்காவும் டிபன் கொடுத்துவிட்டு அவர்கள் கடைப் பூஜைக்குப் போனார். கதவு பூட்டிக்கொண்டது.

குமிழ்ச் சத்தம் நின்றதும் அறை வேறு அறையாகிவிட்டது. தெருவில் எங்கோ நாதஸ்வரம், பூசணிக்காய் உடைக்கிற சத்தம், லாரி ஹாரன்கள். அரைத் தூக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது இரண்டு மீன்களும் பூவுக்குள் இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. பூ சுருங்கிக் கிடந்தது. தின்னாத இறால் மணலில் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது.

எனக்கு மீன் சாஸ்திரம் தெரியாது. ஆனால் மூச்சுக்குத் திணறுகிற உயிரைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன். தெருவில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது, யார் காதில் விழும். மோட்டார் கூடத்தில் இருந்தது. கட்டிலில் படுத்தபடியே அதன் பூமாலை கதவிடுக்கில் தெரிந்தது. எழுந்து போய் எடுத்து வந்து சொருகினால் முடிந்தது வேலை. ஒரு நிமிஷம்கூட ஆகாது. காலைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தியும்விட்டேன்.

பிறகு உள்ளே இழுத்துக் கொண்டேன்.

தலைமாட்டில் டம்ளர் இருந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தொட்டியின் மூடியைத் தள்ளி, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினேன். காபி ஆற்றுகிற மாதிரி. ஊற்றுகிற இடத்தில் குமிழ் வந்தது. சின்னது முதலில் அங்கே வந்து நின்றது, பிறகு பெரியது. மொள்ளவும் ஊற்றவுமாக எவ்வளவு நேரம் போனதோ. பாதி தண்ணீர் என் மேலும் மெத்தையிலும் கொட்டியது. நீல வெளிச்சத்தில் என் கை தனியாக, யாருடைய கையோ மாதிரி போய்ப் போய் வந்தது. செத்துடாதீங்க, செத்துடாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மீனுக்குச் சொன்னேனா, வயிற்றுக்குச் சொன்னேனா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது.

அப்போது அடிவயிற்றில் சுரீரென்று ஒரு இழுப்பு.

கை அந்தரத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இன்னொரு தடவை மொண்டேன். மறுபடியும் இழுத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மல்லாந்து படுத்து இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டே அழுதேன். அது மணலுக்கு இறங்கி அசையாமல் கிடந்தது. சின்னது தொட்டியின் மூலையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

அக்காவுக்கு முன்னால் இவர்தான் வந்தார். மத்தியானம் தாண்டியிருந்தது. இவரிடம் இருந்த சாவியால் திறந்து, கையில் பொரிப் பொட்டலத்தோடு அறை வாசலில் நின்றவர், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மெத்தை முழுக்க ஈரம். புடவை ஈரம். கட்டிலிலிருந்து தரைக்குச் சொட்டிக் கொண்டிருந்தது. பொட்டலம் கையிலிருந்து நழுவிப் பொரி அறையெல்லாம் சிதறியது.

“என்ன ஆச்சு? எந்திரிச்சியா? எந்திரிச்சியாடி?”

குரலே இவருடையதாக இல்லை. நான் இல்லை இல்லை என்று சொல்வது காதில் ஏறவில்லை. மண்டியிட்டு மெத்தையைத் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தார், ரத்தமா என்று. பிறகு அந்த விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார். “கடல் தண்ணி.”

அப்படியே பொரியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பெரியது செத்துப்போச்சுங்க. ஊத்தி ஊத்திப் பாத்தேன். வயிறு இழுத்துச்சு, விட்டுட்டேன்.”

“போகட்டும்.” தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. “எல்லாம் போகட்டும். நம்ம புள்ள இருக்கில்ல? இருக்கில்ல?”

நம்ம புள்ள. அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இருக்கு. காலைலகூட அசைஞ்சுது. பத்து நாளா அசையுது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா?”

சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்து கொண்டிருந்தது. “பயமா இருந்துச்சு” என்றார். “போன தடவ நான் பேர்கூட யோசிச்சு வச்சிருந்தேன்.”

இத்தனை நாள் இவர் மேல் நான் வளர்த்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த கிரீஸ் ஏறிய கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தேன். குழந்தை அப்போது அசையவில்லை. இவரும் கையை எடுக்கவில்லை. பிறகு நான்தான், “போய் அந்த மோட்டாரப் போடுங்க, சின்னதாவது பொழைக்கட்டும்” என்று விரட்டினேன்.

மாசியில் பெண் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயதாகும் வரைக்கும், அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். அடுப்படியில் வேலையாக இருக்கிற என்னிடம் வந்து, “மூச்சு நல்லா வருது” என்று சொல்லிவிட்டுப் போவார், நான் கேட்காமலேயே.